மண்டபத்துக் கூரையும் மூன்று நாள் தண்ணீரும்



மலர்க் குழுவினர் என்னிடம் கல்லூரி நினைவுகள் எழுதச் சொன்னார்கள். நினைவுகளை என்னைவிட நல்லா எழுதுறவங்க நம்ம சங்கத்தில் நிறையப் பேர் இருக்காங்க. எனக்குத் தெரிந்தது செங்கல், சுண்ணாம்பு, சிமென்ட். ஆகவே நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். பழைய மண்டபத்தின் கூரையைத்தான் சொல்கிறேன்.

அந்த மண்டபத்தில் பரீட்சை எழுதாதவர் நம்மில் யாரும் இல்லை. நவம்பர் செமஸ்டர் என்றால் மூன்றாவது வரிசைக்கும் நாலாவது வரிசைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கும். சொட்டு விழுகிற சத்தத்தை வைத்தே நேரம் கணக்குப் பண்ணலாம். வாளி நிறைந்து கண்காணிப்பாளர் அதை மாற்றப் போகும் அரை நிமிடத்தில் பாஸ் பண்ணியவர்கள் பலர் உண்டு என்று சொல்வார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை என்பதை இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

கூரையை மாற்றுவது என்று சங்கம் 2023-ல் முடிவு செய்து நிதி திரட்டியது உங்களுக்குத் தெரியும். 2024 ஜனவரியில் பழையதைப் பிரித்தார்கள். ஜூனில் புதியது தயார். ஜூலையில் செயலாளர் அண்ணன் போன் பண்ணினார்.

"தம்பி, வேலை முடிஞ்சிருச்சு. காண்ட்ராக்டர் கடைசி பில் குடுத்திருக்கார். நீ சிவில் ஆச்சே, வந்து ஒரு பார்வை பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ. மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்ல."

போனேன். ஏணி வைத்து மேலே ஏறிப் பார்த்தால், சும்மா சொல்லக் கூடாது, கண்ணுக்கு அவ்வளவு லட்சணம்! சிவப்புத் தட்டோடு வரிசை பிசகாமல் ஓடுகிறது. மூட்டுகள் நூல் பிடித்த மாதிரி நேர். கைப்பிடிச் சுவருக்குப் புது வெள்ளை. எங்களோடு ஏறி வந்த எல்லோரும் "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றார்கள். நானும் சட்டைப் பையில் பேனாவைத் தொட்டுவிட்டேன்.

அப்போது கீழே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார். எழுபது வயசைத் தாண்டியவர். கல்லூரிக்குப் பின்னால் உள்ள தெருவில்தான் வீடு. சின்ன வயசில் அப்பாவோடு கொத்து வேலைக்குப் போனவர்.

"தண்ணி கட்டிப் பாத்தாச்சா தம்பி?"

"இல்லீங்க ஐயா, இனிமேதான்."

"அப்ப எதைப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்றீங்க? காஞ்சு கெடக்கிற வரைக்கும் எல்லாக் கூரையும் நல்ல கூரைதான்."

பேனாவை உள்ளே தள்ளிவிட்டு இறங்கி வந்தேன். அன்று அவரிடம் கேட்டது, பிறகு நான் படித்தது, பழைய கூரையைப் பிரித்தபோது எடுத்த போட்டோக்களில் பார்த்தது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. தட்டைக் கூரையை நம் முன்னோர் எப்படிப் போட்டார்கள், போட்ட வேலை சரியா தப்பா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் விஷயம்.

பழைய கூரை எப்படி நின்றது?

நம் மண்டபத்துக் கூரைக்குப் பெயர் மெட்ராஸ் டெரஸ். சில ஊர்களில் மெட்ராஸ் ஒட்டு என்பார்கள். வெள்ளைக்காரர் காலத்துச் சென்னையில் பரவிய முறை. கச்சேரி, பள்ளிக்கூடம், ரயில்வே குடியிருப்பு, செட்டியார் வீடு, அக்கிரகாரத்து மாடி என்று தமிழ்நாடு முழுக்க அதுதான் ஒரு காலத்தில் 'மெத்தை வீடு'. இரும்புக் கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது.

சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம் போடுவார்கள். பல இடங்களில் அது பர்மா தேக்கு. அதன் மேல் ஓர் அடி, ஒன்றரை அடி இடைவெளியில் குறுக்குக் கட்டைகள். கட்டைகளுக்கு மேலேதான் வித்தை இருக்கிறது. ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம் உள்ள சின்னச் செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கட்டைக்கு நேராக வைக்க மாட்டார்கள், மூலையிலிருந்து ஆரம்பித்துச் சாய்கோணமாக வைப்பார்கள். ஒவ்வொரு கல்லும் முந்தைய வரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அடியில் பலகை அடைக்க வேண்டிய வேலையே இல்லை.

அது இறுகிய பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை நாலு அங்குலத்துக்குக் கொட்டுவார்கள். அது மூன்று அங்குலமாகச் சுருங்கும் வரை மரக்கட்டையால் தட்டுவார்கள். குறைந்தது மூன்று நாள். அதன் மேல் தட்டோடு இரண்டு மூன்று வரிசை, அல்லது சுண்ணாம்புப் பூச்சு. அவ்வளவுதான் கூரை.

நம் மண்டபத்தைப் பிரித்தபோது இந்த அடுக்குகள் வெட்டிய கேக் மாதிரி வரிசையாகத் தெரிந்தன. காரை கடப்பாரைக்கு மசியவில்லை என்று பிரித்தவர்களே சொன்னார்கள். கெட்டுப்போனது அதுவல்ல. சுவருக்குள் புதைந்திருந்த கட்டை முனைகள்தான் ஈரம் ஏறி, கரையான் அரித்து, கையால் கிள்ளினால் உதிர்கிற நிலையில் இருந்தன. சில அண்ணன்மார் "பழசை ஏன் இடிச்சீங்க?" என்று கோபப்பட்டார்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான்: நடுக்கட்டை நன்றாக இருந்து முனை போனாலும் கட்டை போனதுதான். நல்ல பாகத்தை வீணாக்கவில்லை. நூலகத்தில் புதிதாக நாலு தேக்கு மேஜை பார்ப்பீர்கள், அது நம் கூரைதான்.

தட்டுகிற சத்தமே சான்றிதழ்

பெரியவர் சொன்னதில் என்னைப் பிடித்து உலுக்கிய பகுதி தளம் தட்டும் வேலை. வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூரை மேல் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, ஒரே தாளத்தில் தட்டுக்கட்டையால் அடித்துக்கொண்டே பின்னால் நகர்வார்கள். தாளம் பிசகாமல் இருக்கப் பாட்டும் உண்டு. இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளிப்பார்கள்.

"முதல் நாள் தட்டினா சதசதன்னு இருக்கும். ரெண்டாம் நாள் சத்தம் மாறும். கடைசியில கட்டையைப் போட்டா அது எகிறி நம்ம கைக்கே திரும்பி வரணும். மேஸ்திரி கீழ நின்னே சொல்லிருவாரு, இந்த மூலை இன்னும் ஆகலைன்னு."

இது ஏதோ கிராமத்துக் கைப்பழக்கம் என்று நினைக்காதீர்கள். சுண்ணாம்புக் காரைக் கூரைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3036-ஐ எடுத்துப் பாருங்கள். குறைந்தது ஏழு நாள் தட்ட வேண்டும், காரை இறுகி, மரக்கட்டை மேற்பரப்பிலிருந்து எளிதாகத் துள்ளித் திரும்பும் வரை தட்ட வேண்டும் என்ற விதி அங்கே இருக்கிறது. வெல்லக் கரைசலும் இருக்கிறது. கடுக்காய்க்குப் பதில் வில்வக்காய். நம் மேஸ்திரியின் காதைத்தான் அந்த விதி எழுத்தில் வைத்திருக்கிறது.

இதில் ஒரு பெரிய தத்துவம் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த முறையில் வேலையும் பரீட்சையும் தனித்தனி இல்லை. தட்டுவதுதான் வேலை, தட்டும்போது கேட்கிற சத்தம்தான் பரீட்சை. சுண்ணாம்பு குறைந்திருந்தால், ஜல்லி வேகாத கல்லாக இருந்தால், தண்ணீர் கூடியிருந்தால் மூன்றாம் நாளே காட்டிக் கொடுத்துவிடும். மூடி மறைக்க வழியில்லை. தெருவில் போகிறவனுக்கும் அந்தச் சத்தம் கேட்கும்.

ரோமாபுரியிலும் இதே கதை

இந்த முறை எவ்வளவு பழையது என்று தேடிப் போனபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன், அகஸ்டஸ் சீசர் காலத்தில், விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் பத்துப் பகுதிகளில் கட்டடக் கலை நூல் எழுதினார். அதன் ஏழாம் பகுதியில் திறந்த வெளித் தளம், அதாவது நம்ம மொட்டை மாடி, எப்படிப் போடுவது என்று வருகிறது.

பலகையை ஒன்றுக்கு ஒன்று குறுக்காக இரண்டு அடுக்கு அடிக்கச் சொல்கிறார். சுண்ணாம்பு மரத்தைக் கெடுக்காமல் இருக்க நடுவே வைக்கோல் மாதிரி ஒன்றைப் பரப்பச் சொல்கிறார். அதன் மேல் கல் ஜல்லியோடு உடைத்த ஓடும் சுண்ணாம்பும் கலந்த காரை. ஆட்களைக் கூட்டமாக விட்டு மரக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். இடித்து முடித்த பிறகு கனம் ஓர் அடிக்குக் குறையக் கூடாது. தண்ணீர் ஓட, பத்தடிக்கு இரண்டு விரற்கடை சாய்வு வேண்டும். ரோமானிய அடிக்குப் பதினாறு விரற்கடை. கணக்குப் போட்டால் 80-க்கு 1 வாட்டம். அதோடு ஆண்டுதோறும் குளிர்காலத்துக்கு முன்னால் ஒலிவ எண்ணெய்க் கசண்டைத் தளத்தில் ஊற வைக்க வேண்டும் என்கிறார்.

உடைத்த ஓடு, சுண்ணாம்பு, மர அடி, வாட்டம், எண்ணெய். இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

இதற்கு அவர்கள் காரணம் அறிந்தார்களோ இல்லையோ, பலன் அறிந்திருந்தார்கள். காரணம் நமக்குத் தெரியும். சுட்ட செங்கல் தூளும் சுண்ணாம்பும் ஈரத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து தண்ணீரில் கரையாத பசையாக இறுகும். வெல்லம் கலந்த தண்ணீரில் வெறும் தண்ணீரைவிட அதிகச் சுண்ணாம்பு கரையும், இறுகும் வேகமும் குறையும். அதனால்தான் நாள் கணக்கில் தட்ட அவகாசம் கிடைக்கிறது. சித்திரை வெயிலில் கூரை விரியும், சாயங்கால மழையில் சட்டென்று சுருங்கும். சுண்ணாம்புக் காரை அந்த அசைவுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். மயிரிழை வெடிப்பு விழுந்தாலும், உள்ளே கரைந்த சுண்ணாம்பு வெடிப்பில் படிந்து தானே அடைத்துக்கொள்ளும். சிமென்ட் பூச்சுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

சிமென்ட் வந்தது, சத்தம் நின்றது

1867-ல் பிரான்சில் ஜோசப் மோனியர் என்ற தோட்டக்காரர் கம்பி வலை வைத்த சிமென்ட் தொட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். பூந்தொட்டிதான்! 1892-ல் என்பிக் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தூண், உத்திரம், தளம் எல்லாம் ஒன்றாக வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் ஆர்.சி.சி. என்று சொல்வது அதன் வாரிசு.

நம் பக்கத்திலும் ஒரு சுவாரசியமான செய்தி உண்டு. இந்தியாவில் போர்ட்லண்ட் சிமென்ட் முதலில் தயாரிக்கப்பட்டது சென்னையில், 1904-ல். மூலப்பொருள் கடல் கிளிஞ்சல்! காலம் காலமாக நம் சுண்ணாம்புக் காளவாயில் வெந்த அதே கிளிஞ்சல். அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் உற்பத்தி தொடங்கிய பிறகுதான் இந்தியச் சிமென்டு நிலைத்தது.

ஆர்.சி.சி. வந்ததும் கூரை ஒரே நாள் வேலையாகிவிட்டது. காலையில் மிக்சர் ஓட ஆரம்பித்தால் சாயங்காலம் பிரியாணியோடு முடிந்துவிடும். ஆனாலும் நம் ஊர்க்காரர்கள் புத்திசாலிகள். பழைய கூரையின் மேல்பாதியை விட்டுவிடவில்லை. கீழே தேக்குக்குப் பதில் ஆர்.சி.சி. வந்தது, மேலே அதே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு. அதைத்தான் வெதரிங் கோர்ஸ் என்கிறோம். 'சுர்க்கி போடுறது' என்றால் எல்லோருக்கும் புரியும்.

தமிழ்நாடு பொதுப்பணித் துறை விவரக் குறிப்பில் இதற்குத் தெளிவான அளவு இருக்கிறது. செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு. மணல் கூடாது. சராசரி 75 மில்லிமீட்டர் கனம். மரக்கட்டையால் நன்றாகத் தட்ட வேண்டும். அதன் மேல் 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டோடு, 1:3 சிமென்டுக் கலவையில். கலவையில் கச்சா எண்ணெயும் உண்டு. ரோமாபுரியில் பார்த்த ஐந்தையும் எண்ணிப் பாருங்கள். ஒலிவ எண்ணெய் போய்க் கச்சா எண்ணெய் வந்திருக்கிறது, அவ்வளவுதான்!

எழுத்தில் எல்லாம் சரி. ஆனால் நடைமுறை என்ன? நல்ல சுண்ணாம்பை நீற்றிப் புளிக்க வைக்க நேரம் இல்லை. ஏழு நாள் தட்ட ஆள் இல்லை, இருந்தாலும் கூலி கட்டுப்படியாகாது. ஆகவே ஜல்லியோடு கொஞ்சம் சிமென்டைக் கலந்து பரப்பி, மணியாஸ் கட்டையால் சமப்படுத்தி, மறுநாளே தட்டோடு பதித்துவிடுகிறார்கள். சிலர் இரசாயனப் பூச்சு, தார் ஷீட் என்று போகிறார்கள். அவற்றையும் நான் குறை சொல்லவில்லை. சரியாகச் செய்தால் அவையும் நன்றாக உழைக்கும். என் கவலை வேறு. தட்டுவது நின்றபோது அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. வேலைக்குள்ளேயே இருந்த பரீட்சை போய்விட்டது. அதற்குப் பதில் நாம் வேறு பரீட்சை வைத்தோமா? வைக்கவில்லை. காய்ந்த நாளில் மேலே ஏறி, வரிசை நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பில்லில் கையெழுத்துப் போடுகிறோம். நான் போட இருந்த மாதிரி.

நம் கூரையைச் சோதித்த கதை

பெரியவரிடம் பேசிய மறு வாரம், மூன்றாம் ஆண்டு சிவில் தம்பி தங்கைகள் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு முறையாக ஆரம்பித்தோம். எங்களிடம் இருந்த கருவி ஒரு ட்யூப் லெவல், ஓர் இரும்புக் கம்பி, ஒரு சாக்பீஸ் டப்பா, நோட்டுப் புத்தகம். வேறொன்றும் இல்லை.

முதலில் வாட்டம். நம் மண்டபம் 30 அடி அகலம். நடுவில் மேடு, இரு பக்கமும் 15 அடி சரிவு. 60-க்கு 1 என்று வைத்தால் மேட்டுக்கும் தூம்புக்கும் மூன்று அங்குல வித்தியாசம் வர வேண்டும். தெற்குப் பக்கம் முழுக்க அப்படியே இருந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும் தூம்பு வாய், அதற்கு நாலடி தள்ளி இருந்த இடத்தைவிட முக்கால் அங்குலம் உயரம்! தண்ணீர் எங்கே போகும்? அங்கேயே குளம் கட்டும். கண்ணால் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஒரு சதுர மீட்டரில் ஓர் அங்குலத் தண்ணீர் நின்றால் 25 கிலோ எடை. எடையைக்கூடக் கூரை தாங்கும். நாள் கணக்கில் நிற்கிற ஈரத்தைத் தாங்காது.

இரண்டாவது, தட்டோட்டைத் தட்டிப் பார்ப்பது. கம்பி முனையால் லேசாகத் தட்டினால் அடியில் கலவை நிறைந்த ஓடு கணீரென்று பதில் சொல்லும். வெற்றிடம் இருந்தால் பொத்துப் பொத்தென்று கேட்கும். ஒரு தங்கை தட்டிக்கொண்டே போக, ஒரு தம்பி சந்தேகமான ஓட்டில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தான். அங்கொன்று இங்கொன்று பரவாயில்லை. ஆனால் அதே வடகிழக்குப் பகுதியில் குறிகள் கூட்டமாக விழுந்தன. காண்ட்ராக்டர் சம்மதத்தோடு அங்கே ஓர் ஓட்டைப் பெயர்த்தோம். அடியில் ஜல்லி ஒட்டவே இல்லை. கையால் அள்ளினால் பொரி மாதிரி வந்தது.

மூன்றாவது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடம். அங்கே செங்கோணமாக விடாமல் வளைத்துப் பூசியிருக்க வேண்டும். இது நன்றாகவே இருந்தது. தூம்பைச் சுற்றிய பூச்சில் இரண்டு இடத்தில் விரல் நகம் நுழைகிற இடைவெளி.

நாலாவது, பெரியவர் சொன்ன தண்ணீர்ப் பரீட்சை. தூம்புகளைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, கூரையை நாலு பாத்தியாகப் பிரித்துக் களிமண் வரப்புக் கட்டினோம். மேட்டில் ஓர் அங்குலம் நின்றால் பள்ளத்தில் நாலு அங்குலம். அதாவது பள்ளத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. ஆட்கள் ஏறி நடமாடும் ஆர்.சி.சி. கூரையை 150 கிலோவுக்குக் கணக்கிடுவது வழக்கம், ஆகவே பயமில்லை. (இளைய தம்பிகள் கவனிக்க: பழைய மரக்கட்டைக் கூரையில் இந்த வேலையைச் செய்து பார்க்காதீர்கள்!) மூன்று நாள், 72 மணி நேரம், தண்ணீர் நின்றது. மூன்று பாத்தியின் அடியிலும் சொட்டு இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் வடகிழக்கு மூலையில், தூம்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்தது. மூன்றாம் நாள் அது ஒரு தட்டு அகலம்.

காண்ட்ராக்டரோடு பேச உட்கார்ந்தபோது சத்தம் கொஞ்சம் ஏறத்தான் செய்தது.

"சார், நாலில் ஒரு பாகத்துல சின்ன ஈரம். இதுக்காக மொத்த பில்லையும் நிறுத்தறீங்களே, நியாயமா?"

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மற்ற முக்கால் பாகம் நல்ல வேலை. அந்த மூலையைப் போட்ட வாரம் அவருடைய மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டார், வேறு ஆட்கள் அவசரமாக முடித்தார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டார். நம் பக்கத் தப்பையும் சொல்ல வேண்டும். அந்த வாரம் சங்கத்திலிருந்து ஒருவரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை. வேலை நடக்கும்போது பார்க்காமல் முடிந்த பிறகு பார்க்க வந்தோம். கடைசியில், முடிந்த வேலைக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிடுவது, அந்த மூலைக்கு உரிய தொகையை மட்டும் நிறுத்திவைப்பது என்று தீர்ந்தது. அவர் சொந்தச் செலவில் அந்தப் பாத்தியைப் பெயர்த்து, சுண்ணாம்புக் காரை போட்டு, தட்டி, மறுபடி ஓடு பதித்தார். தட்டும் ஐந்து நாளும் பெரியவர் நாற்காலி போட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "இப்ப சரி" என்று அவர் சொன்ன பிறகுதான் ஓடு ஏறியது. திரும்பவும் மூன்று நாள் தண்ணீர். இந்தத் தடவை ஈரம் இல்லை. கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் அண்ணன் வீட்டுச் சாப்பாடு.

புயல் வைத்த பரீட்சை

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நம் ஊரிலும் விடிய விடியக் கொட்டியது. எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் செயலாளர் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"மண்டபம் காஞ்சு கெடக்குதுடா தம்பி. ஒரு சொட்டு இல்ல. ஆனா மேடைக்குப் பின்னாடி இருக்கிற அறையில சொட்டுது."

மேடைக்குப் பின்னால் உள்ள ஒப்பனை அறை, தனியாகத் தாழ்ந்த சின்னக் கூரை. பத்தடிக்கு எட்டடி. 'இத்தனூண்டு இடம்தானே' என்று நான்தான் அங்கே தண்ணீர் கட்டாமல் விட்டேன். மொத்தக் கூரையில் சோதிக்காமல் விட்ட ஒரே இடம் அது. காண்ட்ராக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கையெழுத்து என்னுடையது. அடுத்த தை மாதம் அதையும் சரி செய்து, அதற்கும் மூன்று நாள் தண்ணீர் கட்டிவிட்டோம்.

நண்பர்களே, நம்மில் பாதிப்பேர் வீடு கட்டியிருப்போம், மீதிப்பேர் கட்டப் போகிறோம். மொட்டை மாடிக்குச் சுர்க்கி போட்டு முடித்ததும் மேஸ்திரி உங்களை மேலே கூட்டிப்போய்க் காட்டுவார். வரிசை அழகாகத்தான் இருக்கும். பாராட்டுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள். ஆனால் பணத்தை எண்ணும் முன் வாட்டம் பாருங்கள், ஓட்டைத் தட்டிக் கேளுங்கள், மூன்று நாள் தண்ணீர் கட்டுங்கள். அதைவிட முக்கியம், ஓடு பதித்து மூடுவதற்கு முந்தின நாள் ஒரு தடவை மேலே ஏறுங்கள். சின்ன அறை என்று எதையும் விட்டுவிடாதீர்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு சேதி. இந்த நவம்பரில் நீங்கள் மண்டபத்தில் பரீட்சை எழுதும்போது நடுவே வாளி இருக்காது. கண்காணிப்பாளர் எழுந்து போகவும் மாட்டார். ஆகவே தயவுசெய்து படித்துவிட்டுப் போங்கள்.

வாழ்க நம் கல்லூரி! அடுத்த சந்திப்பில் மண்டபத்தில் பார்ப்போம். மழை பெய்தாலும் வாருங்கள்.